மெஷினுக்கு வைத்த குங்குமம்

"ஆண்ட்டி, இது என்ன?"

பழுது பார்க்க வந்த தினேஷ் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். விரல் நுனி சிவப்பாக இருந்தது. எங்கள் சலவை மெஷினின் மேல்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளேயிருந்து அவர் சுரண்டி எடுத்த குங்குமம் அது.

வேடிக்கை என்னவென்றால், கேள்வி கேட்டவரின் நெற்றியிலும் அதே குங்குமம் இருந்தது.

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே தம்பி. ஆயுத பூசைக்கு வச்சது."

"எனக்குத் தெரியும் ஆண்ட்டி. எங்க வீட்லயும் வைப்போம். ஆனா கம்பெனிக்குத் தெரியாதே. நான் போட்டோ எடுத்து அனுப்பியாகணும். உள்ள ஃபாரின் மேட்டர் இருந்தா வாரண்டி கிடைக்காது லா."

அந்நியப் பொருளாம்! என் நெற்றிக்கும் தாலிக்கும் வாசற்படிக்கும் வைக்கிற குங்குமம், என் சமையலறையிலேயே அந்நியப் பொருளாகிவிட்டது. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் நின்று நான் போட்ட சத்தம் கீழே கார்கள் நிற்கும் இடம் வரை கேட்டிருக்கும். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குழாய் உடைந்தாலும் கூரை ஒழுகினாலும் இலாகாக்காரர்களை போனில் விரட்டியே பழகிய குரல் இது.

தினேஷ் பாவம், தலையைக் குனிந்துகொண்டு போட்டோ எடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது. சமையலறைக்கு எதிரே படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

நெற்றி நிறையப் பொட்டு

குங்குமம் எப்படி உள்ளே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் ஆயுத பூசையன்று எங்கள் வீட்டில் கத்தி, அரிவாள்மனை, தையல் மெஷின், அவருடைய ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். மிக்ஸிக்கும் உண்டு, ஃபேன் சுவிட்சுக்கும் உண்டு. நமக்காக உழைப்பதற்கு ஒரு நாள் மரியாதை. இதில் என்ன தப்பு?

அந்த வருடம் புது மெஷின் வந்திருந்தது. புதுசாயிற்றே என்று சந்தனத்தைப் பன்னீரில் தாராளமாகக் குழைத்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பான அதன் மேல்பலகையில் சந்தனம் நிற்கவில்லை, வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி வழிந்தது. விடுவேனா? மூன்றாவது தடவை கட்டை விரலால் அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமத்தை அப்பினேன். பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடுக்கு இருந்தது என் கண்ணில் படவில்லை.

சரி, என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். நாள் முழுக்கத் தண்ணீரோடு வாழப் பிறந்த மெஷின் அது. ஒரு பொட்டுச் சந்தனத்தின் ஈரத்தைத் தாங்காதா? இவர்கள் செய்து விற்பது சலவை மெஷினா, சர்க்கரை பொம்மையா?

இதற்கு முன்னால் இருந்தது இரட்டைத் தொட்டி மெஷின். ஒரு பக்கம் துவைக்கும், மறுபக்கம் பிழியும். திருகுவதற்குச் சில குமிழ்கள், அவ்வளவுதான் அதன் மூளை. எங்கள் மகள் கவிதா கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. அவள் பள்ளிக்கூடச் சட்டை, அவர் துறைமுகப் பட்டறையிலிருந்து கொண்டு வரும் கிரீஸ் படிந்த நீலக் காற்சட்டை, என் கைத்தறிப் புடவை, தீபாவளிக்குத் திரைச்சீலை என்று எல்லாவற்றையும் அது முனகிக்கொண்டே துவைத்தது.

நடுவில் ஒரு குமிழ் கழன்று போனது. பிளையரால் திருகினோம். பிழிகிற பக்கம் சில நாள் அடம் பிடிக்கும். இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். வருடா வருடம் வைத்த பொட்டு ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்து, அதன் நெற்றியில் ஒரு சிவப்பு அடுக்கே உருவாகியிருந்தது. ஒரு நாளும் அது 'உள்ளே அந்நியப் பொருள்' என்று சொன்னதில்லை.

கவிதா, தான் குடியிருக்கும் ஷா ஆலாமிலிருந்து வந்தவள், அதன் அடிப்பாகத்துத் துருவைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, இன்னும் இத வச்சுக்கிட்டு கஷ்டப்படுறீங்களா? நான் புதுசு வாங்கித் தரேன். துணிய போட்டு பட்டன தொட்டா போதும்."

பாசமாகச் சொல்கிற பிள்ளையிடம் எப்படி மறுப்பது? பழைய சாமான் வாங்கும் 'பேப்பர் லாமா' லாரி ஒலிபெருக்கியோடு கீழே வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தூக்கி அதில் ஏற்றினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை! நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புதியது வேலை முடிந்ததும் பாட்டுப் பாடும். குட்டிப் பெண் பியானோ பழகுவது மாதிரி ஒரு பாட்டு. நாங்கள் பாட்டா கேட்டோம்?

கிளிப்பும் குடையும்

மெஷினோடு நின்றால் பரவாயில்லை. எந்தச் சாமானை எடுத்தாலும் இதே கதைதான். துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்பைப் பாருங்கள். வாங்கி வந்து சில வாரம் வெயில் பட்டால், விரலை வைத்ததும் பட்டென்று உடைந்து பாதி கீழ் வீட்டுத் தொட்டிச் செடியில் போய் விழுகிறது. வெயிலில் நிற்பதற்கென்றே பிறந்த பொருள், வெயில் ஆகவில்லை என்கிறது.

குடை மழைக்கு ஆகாது. காற்றடித்தால் தாமரை மாதிரி மேலே மலர்ந்துவிடும். கெட்டிலின் மூடி, திறந்தால் மூடாது. சோற்றுக் குக்கரின் ஸ்பிரிங் போய்விட்டது என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கா? அதெல்லாம் தனியா வராதுக்கா. புதுசு எடுத்துக்குங்க, அதான் லேசு."

யாருக்கு லேசு? அந்தக் குக்கரை இன்றைக்கும் மூடியின் மேல் அம்மிக் குழவியை வைத்துத்தான் நடத்துகிறேன். சோறு நன்றாகத்தான் வேகிறது.

எங்கள் மெஷினின் முகத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மோட்டாருக்குப் பத்து வருட உத்தரவாதமாம். சாகாத உறுப்புக்குப் பத்து வருடம் கொடுத்துவிட்டு, மேல்பலகைக்கு அடியில் அதன் மூளையாக இருக்கும் மின்பலகை, அந்தச் சாகிற உறுப்புக்கு இரண்டே வருடம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் ஆயிரம் ஆனால்கள். நல்ல இருதயம், மூளை மட்டும் எங்கள் பொறுப்பில்லை என்று மாப்பிள்ளை பார்த்துக் கொடுப்பார்களா?

என் வீட்டுக்காரர் மாணிக்கம் துறைமுகப் பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுது பார்த்தவர். பல மாதம் ஓடிவிட்டு மெஷின் நின்ற அன்று, நல்ல கையாக மிஞ்சியிருந்த வலது கையில் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி போட்டு அதன் பின்னால் உட்கார்ந்தார். திருகாணியின் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு பள்ளம். அதன் நடுவில் ஒரு முள். எங்கள் பெட்டியில் இருந்த எந்தத் திருப்புளியும் அதில் இறங்கவில்லை.

"வாங்குனவன் தெறக்கக் கூடாதுன்னே செஞ்சிருக்கான்" என்றார். திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

குடிக்காத தண்ணீர்

இப்போது அந்தப் பாதி திறந்த கதவுக்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கம் பலவீனமாகிவிட்டது. நடப்பார், மெதுவாக. பேச்சு தெளிவு. ஆனால் தூக்கத்தில் சிறுநீர் அவர் சொன்னபடி கேட்கவில்லை. பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிப் பார்த்தோம், இடுப்பெல்லாம் புண்ணாகிவிட்டது. எனவே ரப்பர் துணி, அதன் மேல் விரிப்பு. காலையில் நான் எதுவும் பேசாமல் விரிப்பை உருவி மெஷினில் போடுவேன். அது பிழிந்து தருவதில் சொட்டு ஈரம் இருக்காது. சமையலறைக் கம்பியிலேயே, யார் கண்ணிலும் படாமல் காய்ந்துவிடும். எங்கள் இருவரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கவிதாவுக்குக்கூடத் தெரியாது.

அவருக்கு அது போதும். காலையில் சட்டை போட்டு, தலை வாரி, பால்கனியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கையை உயர்த்துவார். அந்த மெஷின் எங்கள் வீட்டில் துவைத்தது துணியை மட்டுமல்ல. ஒரு மனிதரின் மானத்தை அது தினமும் காலையில் அலசிக் காயவைத்துக்கொண்டிருந்தது.

அது நின்றதும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும் போலாயிற்று. கையால் துவைத்தால் விரிப்பு சொட்டுகிறது. சமையலறையில் போட முடியாது. வெளியே பொதுநடை ஓரத்துக் கம்பியில் போட்டால், தினமும் ஒரு விரிப்பு தொங்குவதை அந்த மாடியே பார்க்கும். கீழே காசு போட்டுத் துவைக்கிற டோபி கடை இருக்கிறது. அங்கே போகலாமா என்றேன்.

"அங்கயா? மொத்த ஃபிளாட்டும் அங்கதான் உக்காந்து கதையடிக்குது. வேணாம்."

குளியலறையில் உட்கார்ந்து துவைத்தேன். பிழிய மணிக்கட்டில் வலுவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு பிழிந்தேன். அவர் கதவோரம் நின்று பார்ப்பார்.

ஒரு வாரம் போயிருக்கும். விரிப்பு நனைவது குறைந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் கவனித்தேன், அவர் தலைமாட்டில் நான் வைக்கிற சில்வர் செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. காலைக் காப்பியில் பாதி. ரசம் வேண்டாம். மோர் வேண்டாம். உதடு வெடித்திருந்தது. நாக்கு காய்ந்து பேச்சு ஒட்டிக்கொண்டது.

கிளினிக்கில் டாக்டர் கண்டித்தார். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து நான் டம்ளரை நீட்டினேன்.

"குடிங்க."

"தாகம் இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"மெஷின் சரியாகட்டும்" என்றார். "உன் கைய பாரு, வீங்கிப் போச்சு. சரியானதும் குடிக்கிறேன்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எந்தப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பது? எங்கேயோ உட்கார்ந்து ஒரு காசு மிச்சம் பிடிக்க அந்த இடுக்கை ரப்பர் வைத்து மூடாமல் விட்டவனுக்குத் தெரியுமா, ஜெலுத்தோங்கில் ஒரு மனிதர் அதனால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார் என்று?

கவிதாவிடம் கேட்டால் புது மெஷினே அனுப்பிவிடுவாள். ஆனால் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது என்பது அவருடைய ஆணை. எனக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. உத்தரவாதம் முடியாத மெஷினுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு நீலப் பை

தினேஷ் அனுப்பிய போட்டோவுக்குப் பதில் வந்தது. குங்குமம் உள்ளே போனது வாடிக்கையாளர் தவறு, உத்தரவாதம் செல்லாது. மாற்ற வேண்டிய மின்பலகையும் கைவசம் இல்லை, புது மெஷின் வாங்கிக்கொள்வது நல்லது.

அவர்களுடைய பழுது பார்க்கும் நிலையம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருந்தது. மூன்றாவது மாடி இந்திராணிக்கு அன்று அந்தப் பக்கம் ஒரு வேலை. தங்கமான பெண், வாய்தான் பூட்டில்லாத பெட்டி. அவள் காரில் ஏறினேன். மடியில் ஒரு நீலத் துணிப்பை வைத்திருந்தேன்.

"என்னக்கா பையில?"

"சாமான்" என்றேன்.

நிலையத்தில் நல்ல கூட்டம். பழைய ஃபேனும் மைக்ரோவேவும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப்போலவே வயிற்றெரிச்சலோடு ஜனங்கள். முகப்பில் தலைத்துண்டு கட்டிய ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது. என்னை 'மக்சிக்' என்று மரியாதையாக அழைத்தாள், எங்கள் வயதுப் பெண்களை அவர்கள் அழைப்பது போல. நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். உள்ளே தூள் இருந்தது மக்சிக், கம்பெனி விதி, நான் என்ன செய்வேன் என்றாள்.

"அந்தத் தூள் உள்ள போனப்புறம் பல மாசம் ஓடிச்சேம்மா. பாட்டெல்லாம் பாடிச்சே."

"புரியுது மக்சிக். ஆனா விதி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீலப் பையைத் தூக்கி முகப்பு மேசையில் வைத்து, அதன் வாயைத் திறந்தேன். காலையில் உருவிய விரிப்பு. துவைக்காதது. அந்த வாடை எழுந்தது. தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீருக்கு வாடை அதிகம்.

"இது என்னோடது" என்றேன். கிராணிக் குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு வயசாச்சு. ராத்திரி படுக்கையிலேயே போயிடுது, எனக்கே தெரியாம. தினமும் இத என் கையால துவைக்கிறேன். இந்தா, என் மணிக்கட்டப் பாரு. மெஷினத் தர மாட்டேன்னா பரவால்ல. இத இங்கயே துவைச்சுக் கொடுங்க. நாளைக்கும் கொண்டு வருவேன். நாளன்னைக்கும் வருவேன்."

சிரித்தவர் சிரிப்பை விழுங்கினார். இந்திராணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முகம் சுட்டது, காது சுட்டது. ஆனாலும் பையை மூடவில்லை.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அவளே பையின் வாயைச் சுருட்டிக் கட்டி என் கையில் கொடுத்தாள். மின்பலகை அனுப்புகிறோம், அதிகாரி ஒப்புக்கொண்டார் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பிள்ளையை நான் வாழ்த்தினேன்.

அதிகாரியை வாழ்த்தவில்லை. பிறகு வந்த குறுஞ்செய்தியில் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று போட்டிருந்தார்கள். தவறு எங்களுடையது என்று எழுத விரல் வரவில்லை. என் உரிமையை எனக்கே பிச்சை போட்டார்கள். கைவசம் இல்லாத பலகையும் எங்கிருந்தோ முளைத்து வந்துவிட்டது.

வாசலில் தொங்கிய பொட்டலம்

தினேஷ் வந்து பலகையை மாட்டினார். பொட்டை இனிமேல் பக்கவாட்டில் வையுங்கள் ஆண்ட்டி என்று சிரித்தார். மெஷின் ஓடியது. சிம்பாங் அம்பாட்டில் என்ன நடந்தது என்று என் வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை.

மெஷின் ஓடியும் அவர் தலைமாட்டுச் செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்றார். இந்தக் காலத்துச் சாமானை நம்பி ஒரு மனிதரை எப்படிக் குடிக்கச் சொல்வது?

சில நாளில் ஒரு மாறுதலைக் கவனித்தேன். லிஃப்டில் என்னை முதலில் விட்டார்கள். கோவிலில் உட்கார நாற்காலி போட்டார்கள். ஒரு மாலை வாசல் கிரில்லில் ஒரு பொட்டலம் தொங்கியது. பிரித்தால் பெரியவர்களுக்கான டயப்பர். கூடவே ஒரு புட்டி பார்லித் தண்ணீர். எனக்குத்தான்! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே கொண்டு வைத்தேன்.

மறுநாள் இந்திராணியே வந்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகப் பேசுவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, வெக்கப்படாதீங்க. எங்க மாமியாருக்கும் இருந்துச்சு. ரொம்பக் கஷ்டம்தான். நம்ம ஆளுங்க கொஞ்ச பேருகிட்டதான் சொன்னேன். பொட்டலம் கெடச்சுதா? சாயங்காலத்துக்கு மேல தண்ணிய கொறச்சுக்குங்க. அன்னைக்கு அத்தன பேரு முன்னால உங்க துணிய விரிச்சுக் காட்டுனீங்களே, எனக்கு வீட்டுக்கு வந்தும் அழுகை நிக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையறைக் கதவு முழுக்கத் திறந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. சிம்பாங் அம்பாட் கதை அவர் காதுக்கு அப்போதுதான் வந்தது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்திராணி."

"அண்ணே, தூங்குறீங்கன்னு நெனச்சேன்…"

"அவ இல்லம்மா. நான்தான். அந்தத் துணி என்னோடது."

இந்திராணி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்ல வரவில்லை அவளுக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கும்.

"கொஞ்ச பேருகிட்ட சொன்னேன்னியே, அவங்ககிட்ட போயி மாத்திச் சொல்லு" என்றார். "எல்லார்கிட்டயும் சொல்லு. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

பிறகு நாற்காலிக்கு நடந்து வந்து உட்கார்ந்தார். என் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"தண்ணி கொண்டா" என்றார். "பெரிய டம்ளர்ல."

இந்திராணியின் கண் முன்னால் அண்ணாந்து முழுசும் குடித்தார். கழுத்தில் வழிந்து சட்டை நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று கேட்டார்.

மறுநாள் காலை விரிப்பு நன்றாக நனைந்திருந்தது. உருவி மெஷினில் போட்டேன். பிழிந்ததை எடுத்துக்கொண்டு, முதல்முறையாக வெளியே பொதுநடைக் கம்பிக்குப் போனேன். நல்ல வெயில். அவர் பால்கனியில் உட்கார்ந்து யாருக்கோ கையை உயர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெட்டி இன்னும் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அன்று ஒரு நாள் மட்டும் நான் அதைத் திட்டவில்லை.